சுவிஸ் விதை, யாழ்ப்பாணத்து இரவு: எடெல்வைஸ் வளர்க்க ஒரு முழு வழிகாட்டி

சுவிஸிலிருந்து லீவில் வரும் சொந்தக்காரரின் பெட்டியில், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஒரு விதைப் பக்கற்றும் இருக்கும். மேலே வெள்ளைக் கம்பளியில் வெட்டி எடுத்த நட்சத்திரம் போல ஒரு பூப்படம், அதுதான் அல்ப்ஸ் மலைப்பூவான எடெல்வைஸ். பின்னால் ஜேர்மன் மொழியில் நாலு வரி. அந்த நாலு வரியும் குளிர்நாட்டுப் பல்கனிக்கு எழுதியவை. அவற்றை நம்பி முற்றத்தில் தூவினால் சில முளைகள் வரும், மூன்றாம் கிழமை எல்லாம் தண்டு கறுத்துச் சரிந்து கிடக்கும்.

பார்க்கிறவர்கள் வெயிலில் கருகிப் போச்சு என்பார்கள். வெயில் அல்ல காரணம். எடெல்வைஸ் மரமே இல்லாத மலைச்சரிவில் முழு வெயிலில் நிற்கும் செடி. யாழ்ப்பாணத்து மண்ணும் அதற்குப் பகை இல்லை. அது சுண்ணாம்புக்கல் மலையை விரும்பும் செடி, நாங்களோ சுண்ணாம்புக்கல்லின் மேலேயே குடியிருக்கிறோம். அதைக் கொல்வது எங்கள் இரவு. பகலில் இலை சேர்த்த மாச்சத்தை வெப்பமான இரவில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். நாளாந்தம் வரவை விடச் செலவு கூடினால் வேர் மெலியும். மெலிந்த வேரில் ஈரம் தங்கினால் அழுகும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்: இரவைக் குளிராக்குவது, ஈரத்தை நிற்கவிடாதது.

செடியைத் தெரிந்துகொள்ள

இது சூரியகாந்தி, செவ்வந்தி இவற்றின் குடும்பம். தாவரவியற் பெயர் லியொன்ரோபோடியம் நிவாலே, அதில் அல்பினம் என்ற துணையினம். பழைய நூல்களிலும் பல விதைப் பக்கற்றுகளிலும் லியொன்ரோபோடியம் அல்பினம் என்றே இருக்கும், இரண்டும் ஒன்றுதான். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குச் சிங்கப்பாதம் என்று பொருள். ஜேர்மன் பெயருக்கு மேன்மையான வெள்ளை என்று பொருள்.

வெள்ளை இதழ் என்று நாங்கள் நினைப்பவை இதழ்கள் அல்ல, பூவடி இலைகள். உண்மைப் பூக்கள் நடுவில் மஞ்சள் குமிழ்களாகக் கூடியிருப்பவை. இலை, தண்டு, பூவடி எல்லாவற்றையும் வெண்மயிர் மூடியிருக்கும். எங்கள் ஒழுங்கை ஓரத்துத் தேங்காய்ப்பூக்கீரையைக் கிள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பஞ்சுத் தொடுகை ஓரளவு விளங்கும். இரண்டுக்கும் உறவில்லை, வேலை மட்டும் ஒன்று: காற்றில் நீர் இழக்காமல் காப்பது. எடெல்வைஸின் மயிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மயிரிழையின் மிக நுண்ணிய வரிகள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன.

இயற்கையில் இது 1800 முதல் 3000 மீற்றர் உயரத்தில் வளர்வது. கோடைப் பகல் அங்கே 15 பாகை செல்சியசைச் சுற்றி நிற்கும், இரவு 5 பாகைக்கும் இறங்கும். எங்களிடம் தை மாதத்துக் குளிர்ந்த இரவே 22, 23 பாகை. வைகாசி ஆனியில் 27க்குக் கீழே போகாத இரவுகள் பல. இந்த இடைவெளியைக் கிடுகு நிழலாலோ ஈரச் சாக்காலோ நிரப்ப முடியாது. மண்பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈரமணல் இடும் முறையைச் சிலர் சொல்வார்கள். சோளகம் உலர்வாக அடிக்கும் நாளில் அது சில பாகை குறைக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஒன்றும் குறைக்காது.

அதனால் முதலிலேயே முடிவெடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாமல் விறாந்தையில் வைத்தால் கார்த்திகை முதல் மாசி வரை ஒரு சின்ன இலைக்கொத்தைப் பார்க்கலாம், பங்குனியில் அது போய்விடும். பூ வேண்டுமென்றால் பெட்டி வேண்டும்.

முதலில் பெட்டி, பிறகு விதை

விதை வந்த பிறகு பெட்டி தேடி ஓடுவதுதான் வழக்கமான பிழை. கண்ணாடிக் கதவுள்ள, கொம்பிறசர் வைத்த, சோடாக் கடைகளில் நிற்கும் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று பழையதாகக் கிடைத்தால் போதும். காரில் கொண்டுபோகும் சிறிய குளிர்பெட்டி போதாது. 32 பாகை அறையில் அதனால் இரவுக் குளிரைப் பிடித்து வைக்க முடியாது.

பெட்டியோடு வரும் திருகியை நம்ப வேண்டாம். அது 2 முதல் 8 பாகைக்குள் மட்டும் வேலை செய்யச் செய்யப்பட்டது. இலத்திரனியல் கடையில் கிடைக்கும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றை வாங்கி, பெட்டியின் மின்வயரை அதன் வழியாகக் கொடுங்கள். வயர் வேலை தெரிந்த ஒருவரே இதைச் செய்யட்டும். அமைப்பு இப்படி: குறி வெப்பநிலை 11 பாகை, இடைவெளி (குறியைத் தாண்டி எவ்வளவு ஏறினால் கொம்பிறசர் ஓடும் என்பது) 2 பாகை, கொம்பிறசர் மீண்டும் ஓடத் தாமதம் 5 நிமிடம். இந்தத் தாமதத்தை வைக்காவிட்டால் கொம்பிறசர் நிமிடத்துக்கு நிமிடம் வெட்டி வெட்டி ஓடிச் சீக்கிரம் எரியும். கட்டுப்படுத்தியின் உணரியைச் சுவரில் ஒட்டாமல் சாடியின் விளிம்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். குளிர்ச்சுவரைத் தொட்டால் 11 என்று காட்டும், செடியின் பக்கத்தில் 16 இருக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு தட்டுக்கு 10 வாற்று வெள்ளை எல்.ஈ.டி. பட்டி இரண்டு. இலையிலிருந்து 20 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். அதன் மின்மாற்றி வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் குளிரோடு சூடு சண்டை போடும். பட்டியின் சூட்டால் விளக்கின் கீழே இலைப்பக்கம் பகலில் சற்றுச் சூடாக இருக்கும். விளக்கு அணைந்ததும் 11க்கு இறங்கும். பகலும் இரவும் வேறாக வேண்டும் என்பதற்கு இதுவே போதும், இரண்டு கட்டுப்படுத்தி தேவையில்லை. விளக்குக்கு ஒரு நேரக்கட்டுப்படுத்தி போட்டு நாளுக்கு 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். இது ஆடம்பரம் அல்ல. அல்ப்ஸில் ஆனி மாதப் பகல் 16 மணித்தியாலத்துக்குக் கிட்ட நீளும், யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டாது. நீண்ட பகலைக் காணாத செடி இலையாகவே இருந்துவிடும்.

கணினியின் 12 வோல்ற்று விசிறி ஒன்று, எப்போதும் சுற்றியபடி. காற்று நின்றால் கண்ணாடி வேர்க்கும், வேர்வை கம்பளி இலையில் விழும், மறுநாள் சாம்பற் பூஞ்சணம். குளிர்த்தகட்டின் கீழே நீர் சொட்டும் இடத்தில் சாடி வைக்க வேண்டாம்.

பெட்டியை வெயில் படாத சுவரோரம், பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். வெறும் சாடிகளோடு ஒரு கிழமை ஓட்டி, உயர்வு தாழ்வு காட்டும் வெப்பமானியை ஒவ்வொரு காலையும் பாருங்கள். கரண்ட் போனால் முதல் நாலு மணித்தியாலம் கதவைத் திறக்காமல் விடுங்கள். அதற்கு மேல் போனால் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஒரு சூடான இரவு செடியைக் கொல்லாது, மூடிய பெட்டிக்குள் சூடும் புழுக்கமும் சேர்ந்தால் கொல்லும்.

விதை

பக்கற்றின் திகதியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட விதைக்காகப் பெட்டியை ஓட்டுவது கரண்ட் காசுக்கு நட்டம். இணையத்தில் நீல எடெல்வைஸ், சிவப்பு எடெல்வைஸ் என்று விற்பார்கள். அப்படி நீலமோ சிவப்போ ஒன்று இல்லை.

விதையானாலும் நாட்டுக்குள் கொண்டுவரத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் உண்டு. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பார்க்கிறது. கொண்டுவருபவர் முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்தின் தனிமைப்படுத்தல் பிரிவில் அனுமதி கேட்பதே முறை. மண்ணோடு செடியைக் கொண்டுவரும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். மலையில் பிடுங்குவதும் வேண்டாம். சுவிஸில் ஒப்வால்டன் மாநிலம் 1878இலேயே எடெல்வைஸைக் காக்கச் சட்டம் போட்டது. கடையில் விற்பது தோட்டத்தில் விளைந்த விதை, அதுவே எங்களுக்கு நல்லது.

வந்த விதையைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில், அடியில் இரண்டு தேக்கரண்டி வறுத்து ஆறிய அரிசி போட்டு, மேலே கடதாசியில் மடித்த விதையை வைத்து இறுக்கி மூடி பிரிஜ்ஜில் வையுங்கள். உறைகுளிர் அறையில் அல்ல, கீழ்த்தட்டில். மாரிக் காற்றில் திறந்து வைத்த விதை முளைதிறனை விரைவில் இழக்கும்.

சாடிக்கலவை

இதில்தான் தோட்டம் செய்து பழகியவர்கள் தவறுகிறார்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுத்து, ஆட்டெருவும் கூட்டெருவும் சேர்த்துக் கறுத்த மண்ணில் வைப்பார்கள். கொழுத்த மண்ணில் எடெல்வைஸ் உயர வளரும், பச்சையாகும், மயிர் குறையும், கடைசியில் நடுக்குருத்து அழுகும். அது ஏழை மண்ணின் செடி.

ஒரே பேணியால் அளந்து பத்துப் பேணிக் கலவை இப்படி: 3 முதல் 6 மில்லிமீற்றர் உடைந்த சுண்ணாம்புக்கல் சல்லி 4 பேணி, பரும்படியான மணல் 3 பேணி, பழைய ஓடு அல்லது செங்கல் நொறுக்கி மா சலித்து நீக்கியது 1 பேணி, தோட்டச் செம்மண் 1 பேணி, நன்றாக உக்கிய இலைக்குப்பை சலித்தது 1 பேணி. தும்புத்தூள் வேண்டாம். அது நீரைப் பிடித்து வைத்திருக்கும், கழுவாத தும்பில் உப்பும் இருக்கும்.

சல்லிக்குக் கிணறு வெட்டிய இடத்துக் கல்லைச் சுத்தியலால் உடைக்கலாம். கடற்கரை முருகைக்கல்லை எடுக்க வேண்டாம். அதைப் பெயர்ப்பது சட்டப்படி பிழை, கல்லுக்குள் ஊறிய உப்பும் இலேசில் போகாது. மணலிலும் அதே சிக்கல். வடமராட்சி கிழக்கு மணல் பார்வைக்கு அழகு, ஆனால் உப்புக் காற்றுப் பட்டது. வாளியில் மணலைப் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கலங்கலை ஊற்றிவிட்டு, குறைந்தது ஐந்து முறை கழுவுங்கள். தண்ணீரில் உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனைக் காட்டும் பேனா மீற்றர் இருந்தால் கடைசிக் கழுவல் தண்ணீர் மீற்றருக்கு 0.3 டெசிசீமனுக்குக் கீழே வரட்டும்.

கலவையைப் பழைய புட்டுப் பானையில் துணி விரித்து அரை மணித்தியாலம் ஆவியில் வைத்து ஆறவிடுங்கள். நாற்றழுகல் பூஞ்சணமும் நத்தை முட்டையும் இதில் போகும். அந்தப் பானை திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது.

சோதனை ஒன்று. 12 சென்ரிமீற்றர் சாடியைக் கலவையால் நிரப்பி அரை லீற்றர் தண்ணீரை ஒரே தரமாக ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல், கால் நிமிடத்துக்குள் பெரும்பகுதி கீழே ஓட வேண்டும். கட்டி நின்றால் செம்மண்ணைப் பாதியாக்குங்கள்.

குளிரூட்டலும் விதைப்பும்

புரட்டாதிக்குள் பெட்டி தயார், ஒக்ரோபர் தொடக்கத்தில் விதை குளிருக்கு, நவம்பர் தொடக்கத்தில் விதைப்பு. இந்த ஒழுங்கில் போனால் நாற்றின் இளம்பருவம் வாடைக்காற்று வீசும் எங்கள் குளிர்மாதங்களோடு ஒத்து வரும்.

குளிரூட்டாமலும் சில விதை முளைக்கும். குளிரூட்டினால் எல்லாம் ஒன்றாக, வேகமாக முளைக்கும். கழுவிய மணல் ஒரு மேசைக்கரண்டியை ஈரமாக்குங்கள். கையில் பிடித்தால் குவிய வேண்டும், பிழிந்தால் நீர் வரக்கூடாது. விதையை அதில் கலந்து சின்ன சிப் பையில் போட்டு, வீட்டுப் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் 4 பாகை அளவில் நான்கு கிழமை. பக்கத்தில் பழுத்த மாம்பழமோ வாழைப்பழமோ வைக்காதீர்கள். பழம் விடும் வாயு முளையைக் குழப்பும்.

விதைப்புக்கு 5 சென்ரிமீற்றர் ஆழத் தட்டு. அடியில் சல்லி, மேலே 3 மில்லிமீற்றர் சல்லடையில் சலித்த அதே கலவை. தட்டைத் தண்ணீரில் நிறுத்திக் கீழிருந்து நனைத்து எடுங்கள். பைக்குள் இருந்த மணலையும் விதையையும் சேர்த்தே மேலே தூவுங்கள். விதையை மூடக்கூடாது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமான தூசு போன்ற விதை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மண் போட்டு மூடியவர்கள்தான் முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்வார்கள். கையகலத்துக்கு முப்பது விதைக்கு மேல் போகாமல் ஐதாகத் தூவி, மேலே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சரித்து வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் மட்டும் பெட்டியின் குறியை 18 பாகையாக்குங்கள். 25ஐத் தாண்டினால் பல விதைகள் திரும்பத் தூங்கிவிடும். பத்தாம் நாளுக்கும் இருபத்தோராம் நாளுக்கும் இடையில் ஊசிமுனை அளவில் இரண்டு பச்சை இலைகள் தெரியும். பாதி முளைத்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டுக் குறியை 14க்கு இறக்குங்கள். முளைத்த பிறகும் கண்ணாடியை விட்டு வைத்தால் ஒரே இரவில் ஒரு மூலையிலிருந்து நாற்றழுகல் வட்டமாகப் பரவும். தண்டின் அடி நூல் போலச் சுருங்கிக் கறுத்திருந்தால் அதுதான். அந்த வட்டத்தையும் சுற்றி ஒரு விரற்கடையையும் மண்ணோடு கரண்டியால் வழித்து எறியுங்கள், மருந்து தேடி நேரம் போக்க வேண்டாம்.

நாற்றின் முதல் இரண்டு இலையில் மயிர் இல்லை. மூன்றாம் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளை நூல் தெரியும். ஐந்தாம் இலை வரும்போது முழுச்செடியும் மாத் தூவியது போல மாறும். மாறாமல் பச்சையாக, கழுத்து நீண்டு நின்றால் வெளிச்சம் போதாது. விளக்கை 15 சென்ரிமீற்றருக்கு இறக்குங்கள்.

பிரித்து நடுதல்

நாலு உண்மை இலை வந்ததும், பொதுவாக டிசெம்பர் கடைசியில், ஒவ்வொன்றாக 8 சென்ரிமீற்றர் மண்சாடிக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக்கை விட மண்சாடியே நல்லது, பக்கத்தாலும் மூச்சு விடும். இலையில் பிடித்துத் தூக்குங்கள், தண்டில் பிடித்தால் நசியும். ஈர்க்குத் துண்டால் வேருக்குக் கீழே நெம்பி எடுத்து, முன்பு நின்ற ஆழத்திலேயே நடுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெறும் சுண்ணாம்புச் சல்லியைப் பரப்புங்கள். கீழ் இலை ஈரமண்ணைத் தொடாமல் இருப்பதில் பாதி வெற்றி இருக்கிறது.

மார்கழி, தை, மாசியில் காலை ஏழு முதல் ஒன்பது வரை கிழக்குப் பார்த்த விறாந்தையில் வெயில் காட்டலாம். முதல் நாள் கால் மணித்தியாலம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இப்படி வெயில் கண்ட செடியின் மயிர் அடர்த்தியாக வரும். மழை தூறினால் உடனே உள்ளே. பங்குனிக்குப் பிறகு வெளியே எடுக்கவே வேண்டாம்.

தண்ணீரும் பசளையும்

மழைத்தண்ணீரே முதல் தெரிவு. மாரியில் கூரைப் பீலியிலிருந்து பிடித்து இருபது லீற்றர் கலன்கள் இரண்டு மூடி வைத்தால், ஒரு பெட்டிச் செடிக்குப் பல மாதம் காணும். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இந்தச் செடிக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் உப்பு. கோடை முற்ற முற்றப் பல கிணறுகள் சவர் ஏறும். மீற்றரில் 0.8 டெசிசீமனுக்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மீற்றர் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில் ஊற்றிய பிளேன்ரீயின் ருசியே சொல்லிவிடும்.

நாள் கணக்குப் பார்த்து ஊற்றாதீர்கள். சாடியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய உடன் உள்ள பாரத்தை ஒரு தரம் கையால் பழகிவிட்டால் பிறகு கை சொல்லும். 8 சென்ரிமீற்றர் சாடிக்கு ஒரு முறை 50 மில்லிலீற்றர், காலையில், விளிம்போரமாக. பெட்டிக்குள் இது மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை வரும். இலைமேல் தெளிக்கவே கூடாது. கம்பளி நனைந்தால் காய நாளெடுக்கும், நடுக்குருத்தில் தேங்கிய ஒரு துளி ஒரு கிழமையில் அதைக் கறுப்பாக்கும். தவறி நனைந்தால் கடதாசி நுனியால் ஒற்றி எடுத்து விசிறிக்கு முன்னால் வையுங்கள்.

பசளை மாதம் ஒரு தரம். பூச்செடிக்கான திரவப் பசளையைப் பக்கற்றில் சொன்ன அளவில் கால்வாசி. யூரியா, மாட்டெரு, மீன்கழிவுக் கரைசல் எதுவும் கிட்ட வரக்கூடாது.

நல்லூர்க் கொடியேறும்போது பெட்டிக்குள் பனிக்காலம்

அல்ப்ஸில் இந்தச் செடி மாதக்கணக்காகப் பனிக்குக் கீழே தூங்கி எழுந்துதான் பூக்கும். விதையிலிருந்து வந்தது பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலேயே பூவைக் காட்டும். எங்களுக்கு ஒரு வசதி, அந்தத் தூக்கத்தை எந்த மாதமும் கொடுக்கலாம். ஆடி நடுவில் தொடங்குவது நல்லது. அப்படிச் செய்தால் பூ மார்கழியில், அதாவது வெளியே கொண்டுவந்து நாலு பேருக்குக் காட்டக்கூடிய ஒரே காலத்தில் வரும்.

ஆனிக்குள் இலைக்கொத்து 6 சென்ரிமீற்றர் அகலமாவது இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதைக் குளிருக்கு விட்டால் தாங்காது. ஆடி முதற் கிழமையில் பழுத்த, காய்ந்த இலைகளை எல்லாம் அடியோடு எடுத்துவிடுங்கள். பூஞ்சணம் எப்போதும் அந்தக் காய்ந்த இலையிலிருந்துதான் ஏறும். சாடி பாதி உலர்ந்த நிலையில் குறியை ஒரு கிழமைக்கு 8, பிறகு 4 பாகை. விளக்கு நாளுக்கு 8 மணித்தியாலம். ஒன்பது கிழமை இப்படியே. தண்ணீர் இரண்டு கிழமைக்கு ஒரு முறை 20 மில்லிலீற்றர், பசளை இல்லை. வெளி இலைகள் பழுத்து, செடி நடுவில் ஒரு சாம்பல் மொட்டாகச் சுருங்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். நடுவை விரலால் இலேசாக அழுத்தினால் இறுக்கமாக இருந்தால் உயிர் உண்டு, கொழகொழவென்றால் இல்லை.

புரட்டாதி நடுவில் குறியை 8க்கும், ஒரு கிழமை கழித்து 11க்கும் ஏற்றி விளக்கைத் திரும்ப 16 மணித்தியாலம் ஆக்குங்கள். ஒரே நாளில் ஏற்றினால் குருத்து வெளிறி நீளும். புது இலைகள் வந்ததும் 10 சென்ரிமீற்றர் சாடிக்கு மாற்றுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இலைக்கொத்தின் நடு எழும்பும். முதலில் அது பூ என்று தெரியாது, வெள்ளைப் பஞ்சு உருண்டை ஒன்று ஈர்க்குத் தண்டில் நிற்கும். பிறகு உருண்டை விரிந்து நட்சத்திரமாகும். தண்டு 10 முதல் 15 சென்ரிமீற்றர் இருந்தால் சரி. 25க்குப் போனால் பசளை கூடிவிட்டது அல்லது இரவு போதிய குளிர் இல்லை.

ஒரே பெட்டி என்றால் இந்த ஒன்பது கிழமையும் வேறு நாற்று எதையும் உள்ளே வைக்க முடியாது. விதைப்பும் தூக்கமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான் மேலே சொன்ன மாத ஒழுங்கு.

பூச்சிகளும் மற்ற வில்லங்கங்களும்

வெண்மூட்டுப் பூச்சிதான் மோசம், ஏனென்றால் வெள்ளைச் செடியில் வெள்ளைப் பூச்சி தெரியாது. எறும்பைப் பாருங்கள். சாடியில் எறும்பு ஏறி இறங்கினால் இலையடியில் அது இருக்கிறது. காதுக் குச்சியின் பஞ்சை மதுசாரத்தில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் மற்றச் செடிகளுக்கு நல்லது, இதற்கு ஆகாது. எண்ணெய் கம்பளியை ஒட்டவைத்துச் சடையாக்கும், அந்த இலை பிறகு வெள்ளையாகாது. அழுக்கணவன் பூந்தண்டில் வரும், அதையும் தூரிகையால் தட்டி விடலாம். விறாந்தையில் வைக்கும் மாதங்களில் ஆபிரிக்க நத்தை ஒன்று ஒரே இரவில் ஒரு வருட உழைப்பைத் தின்று முடிக்கும். மேசைமேல் வைத்து, மேசைக்கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் நிறுத்துங்கள்.

சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் பதற வேண்டாம். சுரண்டி வாயில் வைக்காமல், ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு, பரவாயில்லை. நுரைக்காவிட்டால் உப்பு என்று சந்தேகியுங்கள். சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைத்தண்ணீரை விளிம்பால் மெதுவாக ஊற்றி ஓடவிட்டு, நன்றாக உலரவிடுங்கள்.

தண்ணீர் இருந்தும் செடி வாடினால் இன்னும் ஊற்றுவது கடைசி ஆணி அடிப்பது போல. சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வேறு காரணம். மண்ணிறமாகி, இழுத்தால் தோல் கழன்று வந்தால் வேரழுகல். நல்ல பக்கத்துணுக்கு ஒன்று வேரோடு இருந்தால் அதை மட்டும் வெட்டிப் புதிய உலர் கலவையில் வையுங்கள்.

மலைநாட்டில் உறவினர் இருந்தால்

நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை. பெட்டி இல்லாமலே செடி நிற்கக்கூடிய இடம். அங்கே பகை மழை. பக்கம் திறந்த, மேலே மட்டும் தெளிந்த பொலித்தீன் கூரை போட்ட பந்தலின் கீழ் இதே கலவையில் வைக்கச் சொல்லுங்கள். அங்கும் பனிக்காலம் இல்லாதபடியால் பூவுக்கு ஒன்பது கிழமைப் பிரிஜ் வேலை தேவைப்படலாம்.

பூத்த பிறகு

விதை வேண்டுமானால் இரண்டு செடி ஒன்றாகப் பூத்திருக்கும்போது மென்மையான தூரிகையால் மஞ்சள் குமிழ்களை ஒன்றிலிருந்து மற்றதற்கு நாலைந்து நாள் மாறி மாறித் தடவுங்கள். பெட்டிக்குள் ஈயும் இல்லை, வண்டும் இல்லை. குமிழ் மண்ணிறமாகிப் பஞ்சு தள்ளினால் கடதாசிப் பையைக் கட்டி வெட்டி எடுங்கள்.

பூவைக் காயவைத்து வைப்பதானால் நடுக்குமிழ் ஒன்றிரண்டு மட்டும் விரிந்த நாளில் வெட்டுங்கள். முழுக்க விரிந்தபின் வெட்டினால் காயும்போது பஞ்சாக உதிரும். இருட்டான, காற்றோடும் அறையில் தலைகீழாக இரண்டு கிழமை தொங்கவிட்டு, பிறகு வறுத்த அரிசி பரப்பிய ரின்னில் கடதாசி விரித்து வைத்து மூடுங்கள். அரிசியை மாரி தொடங்குமுன் ஒரு தரமும் நடுவில் ஒரு தரமும் மாற்ற வேண்டும்.

தாய்ச்செடியைப் பூத்தண்டு வெட்டிய பிறகு சாடியிலிருந்து எடுத்து, வேரோடு இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துப் புதிய கலவையில் நடுங்கள். பிரிக்காமல் விட்டால் மூன்றாம் வருடம் நடு வெறுமையாகும். பிரித்த துண்டுகளுக்கு முதல் பத்து நாள் விளக்கைப் பாதியாக்கித் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால், தை பிறக்குமுன் புதுக்குருத்து தெரியும்.